அடக்க முடியாத அவசரம்: மனைவி வெளியூர் வர மறுக்கிறாள், நான் என்ன செய்யலாம்?

பழைய கண்டக்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் நான். ஊர் திருச்சி. கடைசி 12 வருஷம் மதுரை ரூட். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்டேஜ் மாறாமல் சொல்வேன். வழியில் எந்தக் கழிப்பறை மனுஷன் கால் வைக்கிற மாதிரி இருக்கும், எதன் பக்கமே போகக் கூடாது என்பதும் அத்துப்படி. இவ்வளவு தெரிந்தவனுக்குச் சொந்த வீட்டில் நடந்தது இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரிக்கு 61 வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். பிபி மாத்திரை போடுகிறாள், சர்க்கரை இல்லை. ஒருநாள் விடிகாலை நாலு மணி இருக்கும், கொல்லையில் துணி அலசுகிற சத்தம். போய்ப் பார்த்தால் இருட்டில் உட்கார்ந்து உள்பாவாடையைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். "என்னடி இந்த நேரத்துல?" என்றேன். "பூனை வந்து அசிங்கம் பண்ணிட்டுப் போயிருச்சு" என்றாள். எங்கள் தெருவில் நாய்தான் உண்டு. பூனையை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். பகலில் பத்துப் பன்னிரண்டு தடவை பாத்ரூம். ராத்திரி மூன்று, சில நாள் நாலு. உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் மாறும், எழுந்து ஓடுவாள். கதவைத் தொடுவதற்குள் சில சமயம் புடவை நனைந்துவிடும். தும்மினால், இருமினால் போவதில்லையாம். அவசரம் வந்தால்தான் நிற்பதில்லை. கடைக்குப் போய்விட்டு வந்து நான் வாசல் கதவில் சாவியைப் போடும்போது சரியாக அந்த அவசரம் வருகிறது. அதுவரை ஒன்றும் இருக்காது.

ஒரு டாக்டரிடம் காட்டினோம். இரண்டே நிமிஷம். "வயசானா இப்படித்தாம்மா, தண்ணியைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். அதோடு இனி எந்த டாக்டரும் வேண்டாம் என்கிறாள்.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு மச்சினன் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தபோது, "இவளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினா பாயின்ட் டு பாயின்ட் வண்டிகூட டவுன் பஸ் ஆயிரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் திருச்சியைத் தாண்டவில்லை.

இப்போது பேத்திக்குக் காதுகுத்து. குலதெய்வம் அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முட்டி வலி" என்கிறாள். முட்டியில் ஒரு வலியும் இல்லை. எங்கேயாவது போயே ஆக வேண்டும் என்றால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படுவதில்லை.

நான் என்ன செய்தால் அவளுக்கு உதவியாக இருக்கும்? அதைவிட, எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். நானும் கூச்சத்தை விட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.


கொங்கு தம்பி எழுதியது:

அண்ணா, தினமும் ரெண்டு எள்ளுருண்டை குடுங்க. எங்க அம்மாயி சின்னப் புள்ளைங்களுக்கு அதைத்தான் குடுக்கும், பாயில போறது நின்னுரும். வெளியூருக்கு ஒரு டயபர் போட்டுவிட்டுருங்க. அவ்வளவுதான், இதுக்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை.


மதுரை மருமகள் எழுதியது:

தம்பி, டயபர் "போட்டுவிட" அவங்க கைக்குழந்தை இல்லை.

ஐயா, எங்கள் அத்தைக்கு 70 வயது, இதே கதைதான். நாங்கள் கண்டுபிடித்தது வேறு வழியில். கல்யாண வீடுகளில் பந்திக்கே உட்காராமல் மண்டபத்துக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்துச் சுவரோரமாகவே நாற்காலி போட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு அது முதலில் கோபம் என்று பட்டது. 'பெண்வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை, அதான் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்' என்று ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கிறது!

நீங்கள் செய்யக் கூடாதது என்று கேட்டதால் சொல்கிறேன். "போயிட்டு வந்துட்டியா? இன்னொரு தடவை போயிட்டு வந்துரு" என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். என் கணவர் பாசத்தில்தான் கேட்பார், அத்தை கூனிக் குறுகிப் போவார். தண்ணீர் டம்ளரைப் பிடுங்காதீர்கள். துணி நனைந்ததைப் பார்த்தால் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள், ஆனால் மாற்றுத் துணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பேடு விஷயம். மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கின் இதற்குச் சரிவராது. நீர் திடுமென்று மொத்தமாக வரும், அது தாங்காது, ஓரத்தில் வழியும், வாடையும் அடிக்கும். நீர்க்கசிவுக்கென்றே பேடு விற்கிறார்கள், ஜட்டி மாதிரி மாட்டிக்கொள்கிற வகையும் இருக்கிறது. அத்தையிடம் "டயபர்" என்று சொன்ன அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "பஸ் ஜட்டி" என்று பெயர் மாற்றினோம், போட்டுக்கொண்டார். மெடிக்கலில் நானே போய் வாங்குவேன். பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் தருவார்கள், ஏதோ கள்ளச்சாராயம் மாதிரி.

மாத்திரையும் கொடுத்தார்கள். முதலில் சாலிஃபெனசின். அவசரம் குறைந்தது, ஆனால் வாய் காய்ந்துபோய்த் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தார், மலச்சிக்கல் வேறு. மறதி அதிகமாகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர், வயதானவர்களுக்கு அந்த வகை மாத்திரையில் அது வரலாமாம். அப்புறம் மிராபெக்ரானுக்கு மாற்றினார். அதற்கு பிபி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே போட்ட மறுநாள் வேலை செய்கிறவை இல்லை, சில வாரம் பிடிக்கும். நீங்களாக மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.


திண்டுக்கல் பிசியோ எழுதியது:

ஐயா, நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்படித் தசைக்கான பயிற்சிதான் என் வேலையில் பாதி. வயது கூடக்கூட இது அதிகம் வரும் என்பது உண்மை. ஆனால் "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டியதில்லை. வேறு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்ப்பாதை டாக்டரோ (யூராலஜிஸ்ட்) மகப்பேறு டாக்டரோ, அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் பெண் டாக்டராகத் தேடுங்கள். முதலில் நீரில் கிருமித் தொற்று இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா, போன பிறகு நீர்ப்பையில் நீர் தங்குகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் சொன்னதற்கு ஸ்கேன் போதும். நீரில் ரத்தம் தெரிந்தாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ, காலில் மரத்துப்போகிற உணர்வு வந்தாலோ நாள் தள்ளாமல் போக வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் முன் எள்ளுருண்டை வேண்டாம் தம்பி, அதில் பாதி வெல்லம்.

இது என்ன என்று ஐயாவின் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். நீர்ப்பை ஒரு தசைப் பை. 150, 200 மில்லி சேரும்போது லேசாக ஒரு தகவல் வரும். 400 மில்லி வரைகூட நிறையப் பேர் நிம்மதியாக இருப்பார்கள். அம்மாவுக்கு வண்டியில் பாதி சீட்கூட நிறையவில்லை, அதற்குள் யாரோ விசில் அடிக்கிறார்கள், தசையும் இறுக ஆரம்பித்துவிடுகிறது. அவர் சோம்பேறித்தனமாக இருந்து நனைத்துக்கொள்ளவில்லை. பிடிவாதமும் இல்லை.

தண்ணீரைக் குறைப்பதால் நீர் கெட்டியாகும், அது பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். குடல் நிறைந்திருந்தால் அதுவும் பையை அழுத்தும். டாக்டர் அளவு சொல்லாதவரை பகலில் வழக்கமாகக் குடிக்கட்டும், நீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொண்டால் போதும். காபி, டீயை மெல்ல மெல்லக் குறைத்துப் பாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலிதான் மிச்சம்.

சாவி விஷயம் கேட்டீர்கள். அதற்கு எங்கள் வட்டாரத்தில் பேரே உண்டு, அவ்வளவு பேருக்கு இருக்கிறது. வீடு வந்தாச்சு, பாத்ரூம் பக்கத்தில் என்று மூளைக்குத் தெரிந்ததும் பைக்கு உத்தரவு போய்விடுகிறது. குழாய்த் தண்ணீர் சத்தமும் அப்படித்தான். நீங்கள் அவசர அவசரமாகப் பூட்டைத் திறக்காதீர்கள். வாசலிலேயே நிற்கட்டும், அல்லது திண்ணையில் உட்காரட்டும். காற்றுப் பிரிய வருகிறது, சபையில் இருக்கிறோம், அடக்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது எந்தத் தசை உள்ளிழுத்து இறுகுகிறதோ அதை டக் டக்கென்று ஐந்தாறு தடவை இறுக்கி விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. அவசரம் அலை மாதிரி, ஏறும், கொஞ்சம் நேரத்தில் இறங்கும். இறங்கின பிறகு நடந்து போக வேண்டும். உச்சத்தில் ஓடினால்தான் நனைகிறது. விழுவதும் அப்போதுதான்.

அதே தசையை உட்கார்ந்துகொண்டு நிதானமாக இறுக்கி, மூன்று விநாடி பிடித்து, விட வேண்டும். அப்படிப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழகப் பத்து விநாடி வரை போகலாம். பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகும், அதற்குள் சலித்துவிடும், அங்கேதான் உங்கள் துணை தேவை. நீர் போகும்போதே நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம்.

டாக்டரிடம் போகும் முன்பு மூன்று நாள் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு மில்லி போனது, அவசரம் இருந்ததா, கசிந்ததா. அந்தக் காகிதத்தைப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் யாரும் அனுப்ப மாட்டார்கள். பிபி மாத்திரையில் நீர் பிரிய வைக்கிற மருந்து சேர்ந்திருக்கிறதா, அதை எந்த நேரம் போடுகிறார் என்பதையும் கேளுங்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.


பழைய கண்டக்டர் எழுதியது:

பிசியோ அம்மா, கணக்கு எழுதுவது என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதின கை. ஆனால் அவள் சம்மதிக்க வேண்டுமே. ராத்திரிக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற கம்மோடு நாற்காலி வாங்கலாமா என்று கேட்டதற்கே "என்னைச் சீக்காளி ஆக்காதீங்க" என்று கத்தினாள்.


இரவுப் பணி எழுதியது:

நான் அந்த அம்மாவின் கட்சி. வயது 38, எனக்கே இந்தப் பிரச்சினை. முதுமைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஐயா, நாற்காலியை விடுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும், வழியில் கிடக்கிற கால்மிதியை எடுத்துவிடுங்கள், கதவுத் தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் திறக்கட்டும். ராத்திரி அவர் எழும்போது நீங்களும் எழுந்து உட்கார்ந்து பெருமூச்சு விடாதீர்கள். என் மாமியார் வீட்டில் அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே நான் அடக்கிக்கொண்டு படுத்திருப்பேன்.

என் கணவர் அறிவுரை எதுவும் சொன்னதில்லை. ஆனால் பைக்கில் போகும்போது அவராகவே ஒரு ஹோட்டல் முன்னால் நிறுத்துவார், "எனக்கு ஒரு டீ குடிச்சாகணும்" என்பார். அந்த மனிதருக்கு டீ அவ்வளவாகப் பிடிக்காது. எனக்கு அது தெரிய இரண்டு வருஷம் ஆனது.

இன்னொன்று. அந்த டவுன் பஸ் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டீர்களா? கணக்கு எழுதுவதற்கு முன்னால் அதை முடியுங்கள்.


பழைய கண்டக்டர் எழுதியது (மூன்று மாதம் கழித்து):

மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். காதுகுத்து முடிந்து நேற்றுதான் வந்தோம். வந்தோம் என்றால் இரண்டு பேரும்.

கடைசியில் எழுதிய அம்மா சொன்னதை முதலில் செய்தேன். 36 வருஷக் குடித்தனத்தில் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு காம்பைக் கிள்ளிவிட்டு, "தீபாவளிக்கு நான் பேசினது தப்பு" என்றேன். அவள் நிமிரவில்லை. "தண்டைத் தூரப் போடாதீங்க, சாம்பாருக்கு ஆகும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பூனை சங்கதியும் உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கினேன். அவள் மில்லியைச் சொல்வாள், நான் எழுதுவேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். மூன்றாம் நாள் பாத்ரூமிலிருந்தே "நூத்திருபது!" என்று கத்தினாள். பகலில் 11, 10, 12 தடவை, ராத்திரி மூன்று. பெரும்பாலும் நூறிலிருந்து நூற்றைம்பது மில்லிதான். பாதி சீட் என்று பிசியோ அம்மா சொன்னது சரியாக இருந்தது. நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. நாலு வேளை ஃபில்டர் காபி, கடைசி டம்ளர் ராத்திரி ஏழரைக்கு. சீரியல் பார்க்கும்போது குடிப்பது, நான்தான் போட்டுக் கொடுப்பேன்.

இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "யார் எழுதினது?" என்று கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், டெப்போவில் கலெக்ஷனுக்குப் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. நீரில் தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, ஸ்கேனில் மிச்சம் தங்கியது 20 மில்லிதான், இறக்கமும் இல்லை. பிபி மாத்திரையில் நீர் பிரிய வைக்கிற மருந்து சேர்ந்திருந்தது, ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிபி டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னார். பகலெல்லாம் நின்று வேலை செய்து காலில் இறங்குகிற நீர் படுத்தவுடன் மேலே ஏறி, ராத்திரி எழுப்புமாம். பயிற்சி முதலில், போதவில்லை என்றால் மாத்திரை என்றார். இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை.

பயிற்சிதான் பெரும்பாடு. இரண்டாம் வாரம் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிட்டாள். நானும் கூடச் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். காலை ஆறு மணிச் செய்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ராத்திரி சீரியல் விளம்பரம். என் மகன் வந்தவன் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் பேசாமல் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சண்டையோ என்று பயந்துவிட்டான். பாத்ரூம் போகிற இடைவெளியை வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டினோம். நடுவில் ஒரு வாரம் சளி பிடித்ததில் எல்லாம் பழையபடி ஆனது, அழுதாள். இப்போது பகலில் எட்டு, ராத்திரி ஒன்று அல்லது இரண்டு. முழுசாகப் போய்விடவில்லை. போன செவ்வாய்க்கிழமைகூட நனைந்தது.

பயணத்துக்குக் கார் வைக்கலாம் என்றான் மகன். அவள்தான் பஸ் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அடர் நீலத்தில் ஒரு சேலை, உள்ளே மதுரை மருமகள் சொன்ன பஸ் ஜட்டி (பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது), பையில் ஒரு பாவாடை, இரண்டு கவர். தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டாள், வழியில் குடிக்கவும் செய்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்து சீட் பிடித்தேன்.

விராலிமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள், உதடு எண்ணியது. அலை இறங்கியது, எனக்கே தெரிந்தது. துவரங்குறிச்சி நெருங்கும்போது மறுபடி. இந்தத் தடவை என் கையைப் பிடித்தாள். நான் எழுந்து போய்க் கண்டக்டர் தம்பியிடம், "தம்பி, நானும் உங்க டிபார்ட்மென்ட்தான். ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷம் நிறுத்தணும், என்னால அடக்க முடியலை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

தம்பி சிரித்தான். "ஏன் அண்ணே, சுகரா?"

"ஆமாப்பா, வயசாயிருச்சு" என்றேன்.

நிறுத்தினான். அவளும் என்கூட வருகிற மாதிரி இறங்கினாள். முன் சீட்டில் இருந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்ல, அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஏறி உட்கார்ந்து வண்டி கிளம்பின பிறகு அவள் என் காதுப் பக்கம் குனிந்து, "உங்களுக்கு எப்போ சுகர் வந்துச்சு?" என்றாள்.